பாலர் அச்சமும் பாட்டின் பயனும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இக்கூட்டத்திலே பேசுமாறு நீங்கள் என்னைப் பணித்தபோது, சமயம் பற்றியோ இலக்கியம் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் சிறியதாகத் தோன்றலாம். ஊசிக்கு அஞ்சி அழும் குழந்தையைப் பற்றியும், அந்த அச்சத்தைத் தணிப்பதற்குப் பாட்டு எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பற்றியும் சில கூற விரும்புகின்றேன். சிறிய பொருளெனினும், இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார் ஒவ்வொருவரும் இதனை அநுபவத்திலே அறிந்தவர்கள்.

எமது வாவிக்கரை ஊர் எதிலாயினும், கிளினிக் நடைபெறும் நாளொன்றிற் காலைவேளையிலே சென்று பாருங்கள். கல்லாற்றிலும் களுவாஞ்சிகுடியிலும் ஏறாவூரிலும் காட்சி ஒன்றுதான். தாய்மார் வாங்குகளில் வரிசையாக அமர்ந்திருப்பர். குடும்பநல மாது பிள்ளையின் நிறையைப் பார்த்து, அட்டையிலே குறித்து, ஒவ்வொருவராக உள்ளே அழைப்பார். முதற் பிள்ளை வீரிட்டு அழுதவுடன் வரிசையில் இருக்கும் மற்றைப் பிள்ளைகளும் அழத் தொடங்கிவிடுவர். அவர்களை ஊசி இன்னும் தொடவில்லை, அச்சம் முந்திக்கொண்டது.

தடுப்பூசியின் அவசியத்தைப் பற்றி ஈண்டு விவாதத்துக்கு இடமில்லை. இலங்கையிலே விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் 1978ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. இளம்பிள்ளைவாத நோயாளி ஒருவர்தானும் 1993ஆம் ஆண்டுக்குப் பின் இந்நாட்டிலே காணப்படவில்லை. பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பூசி. 2, 4, 6 மாதங்களிலே தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி முதலிய ஐந்து நோய்களுக்கு எதிரான கூட்டு ஊசி. 9 மாதத்திலும் 3 வயதிலும் சின்னமுத்து, கூகைக்கட்டு ஆகியவற்றுக்கு எதிரான ஊசி. இடையிலே 12 மாதத்தில் ஒன்று, 18 மாதத்தில் ஒன்று. இவ்வாறு பள்ளிக்கூடம் செல்லுமுன்னே ஒரு பிள்ளை பலமுறை ஊசியைக் காண்கின்றது. நோயுற்று வைத்தியசாலை விடுதியிலே தங்க நேர்ந்தாலோ, இரத்தம் எடுப்பதும், சேலைன் ஏற்றுவதும், காயத்துக்குத் தையல் போடுவதும், சத்திரசிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுப்பதும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

ஊசி வேண்டும், அதில் ஐயமில்லை. அதனோடு வரும் அச்சமும் அத்தனையும் வேண்டியதுதானா என்பதே என் வினா.

"பிள்ளை அழத்தான் செய்யும், இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும்" என்று சொல்வார் உளர். அது முழு உண்மையன்று. அஞ்சி நடுங்கும் பிள்ளையின் நாளங்கள் சுருங்கும். கை கால்களை உதைத்துத் திமிறும். அந்நிலையில் நாளத்தைக் கண்டு ஊசி ஏற்றுவது கைதேர்ந்த தாதிக்கும் கடினம். ஒருமுறை தவறினால் இரண்டாம் முறை, இரண்டாம் முறை தவறினால் மூன்றாம் முறை என நோவு பெருகும். மூன்று நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கவேண்டியும் நேரும். அப்பிள்ளை அடுத்த முறை வைத்தியசாலை வாசலைக் கண்டதுமே கதறும். அந்த அச்சத்தோடு வளர்ந்தவருட் சிலர் பெரியவரான பின்பும் இரத்தப் பரிசோதனைக்கும் பல் வைத்தியத்துக்கும் போகாது தள்ளிப்போடுவர். நோய் முற்றிய பின்னரே வைத்தியரை நாடுவர். ஆகவே குழந்தைப் பருவத்து இந்த அச்சம் ஒருவரின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வந்து கேடு செய்யக்கூடியது.

இதிலே எமது வீடுகளுக்கும் பங்குண்டு. சோறு உண்ணாத பிள்ளையை, "டொக்டரிடம் சொல்லி ஊசி போடுவிப்பேன்" என்று வெருட்டுகின்றோம். கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லும் நாளிலோ, "ஊசி இல்லை, சும்மா பார்ப்பதற்குத்தான்" என்று பொய் சொல்கின்றோம். முன்னது வைத்தியரைப் பூச்சாண்டி ஆக்குகின்றது; பின்னது தாயின் சொல்லை நம்பமுடியாததாக ஆக்குகின்றது. நம்புதற்கு ஒருவரும் இல்லாத இடத்திலே பிள்ளை என்ன செய்யும்? அழும்.

நிற்க. நோயுற்றவரின் பக்கத்திலே பாடுவது எமக்குப் புதிய வழக்கமன்று. மீன்பாடும் தேன்நாடு என்று பெயர் பெற்ற இந்நாட்டிலே, தொட்டிலிற் கிடக்கும் பிள்ளைக்குத் தாலாட்டு. ஏர்பிடிப்போனுக்கும் வள்ளம் வலிப்போனுக்கும் அவரவர் பாட்டு. வைகாசியிலே கண்ணகை அம்மன் கோவில்களில் குளிர்த்திப் பாட்டு. அம்மை நோய் கண்ட வீட்டிலே வேப்பிலை கட்டி, நோயாளியின் பக்கத்திலிருந்து அம்மன் தாலாட்டுப் பாடும் வழக்கமும் தமிழர் வாழும் இடங்களில் நெடுங்காலமாக இருந்தது. இவ்வழக்கத்தை நாம் தெளிவாக விளங்கிக்கொள்ளல் வேண்டும். பெரியம்மை பாட்டினால் ஒழியவில்லை. அம்மைப்பால் குத்தியதனால் ஒழிந்தது. உலக சுகாதார நிறுவனம் 1980ஆம் ஆண்டிலே அந்நோய் உலகத்தினின்றும் அகன்றதெனப் பிரகடனஞ் செய்தது. அப்படியாயின் பாட்டு செய்ததென்ன? காய்ச்சலிலும் எரிவிலும் கிடந்த பிள்ளையைத் தனியே விடாது, தனக்குத் தெரிந்த குரலொன்று பக்கத்திலே இருக்கின்றது என்ற ஆறுதலை இரவு முழுவதும் கொடுத்தது. மருந்தின் வேலை வேறு, பாட்டின் வேலை வேறு. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று மயக்கிக்கொள்ளாதிருப்பின், இரண்டினாலும் பயன் பெறலாம்.

இனி, இக்கால மருத்துவ விஞ்ஞானம் இதுபற்றி என்ன கூறுகின்றது எனப் பார்ப்போம்.

1914ஆம் ஆண்டிலே இவான் கேன் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர், சத்திரசிகிச்சை அறைக்குள்ளே கிராமபோன் பெட்டியை வைத்துப் பாட்டிசைக்கச் செய்வதனால் நோயாளரின் அச்சம் தணிவதைக் கண்டு, தம் நாட்டு மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையிலே எழுதினார். அக்காலத்தில் அதற்கு விளக்கம் கூறுவது அரிதாக இருந்தது. 1965ஆம் ஆண்டிலே ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்னும் இருவர், நோவு பற்றிய 'வாயிற்கதவுக் கொள்கை'யை வெளியிட்டனர். உடலின் ஓரிடத்திலே குத்து நேர்ந்தால் அச்செய்தி முள்ளந்தண்டின் வழியே மூளைக்குச் செல்கின்றது; வழியிலே ஒரு கதவு இருப்பதுபோல அமைப்பு உண்டு; தோலிலிருந்து வரும் வேறு உணர்ச்சிகளும், மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகளும் அக்கதவைச் சற்றுத் திறக்கவும் சாத்தவும் வல்லன என்பது அவர்கள் கருத்து. பின்வந்தோர் இக்கொள்கையைப் பலவிதமாகத் திருத்தியுள்ளனர். எனினும், நோவு குத்தின் ஆழத்தை மட்டும் பொறுத்ததன்று, மனத்தின் நிலையையும் கவனத்தையும் பொறுத்தது என்ற உண்மை நிலைபெற்றுவிட்டது. கவனம் ஊசியிலே குவிந்திருப்பின் நோவு பெருகும். பாட்டிலே குவிந்திருப்பின் குறையும்.

எமக்கு அண்மையிலே, தமிழ் வழங்கும் புதுச்சேரியிலே செய்யப்பட்ட ஒரு பரிசோதனையை உங்களுக்குச் சொல்லவேண்டும். அங்கே மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து இசைச் சிகிச்சைக் கல்விக்கும் ஆய்வுக்கும் ஒரு நிலையம் இயங்குகின்றது. அதனை நடத்திய சுமதி சுந்தர் அவர்களும் குழந்தை வைத்தியரும் சேர்ந்து, தடுப்பூசிக்கு வந்த 100 குழந்தைகளை இரு பகுதியாக்கினர். 50 குழந்தைகளுக்கு ஊசி போடும் வேளையிலே நேரிலிருந்து பாடி இசைத்தனர். மற்றை 50 குழந்தைகளுக்கு வழமைபோல ஊசி போட்டனர். பாட்டுக் கேட்ட குழந்தைகள் அழுத நேரம் குறைவாக இருந்தது. முகபாவம், அழுகை, உடலசைவு ஆகியவற்றைக் கொண்டு நோவை அளக்கும் அளவையிலும் நன்மை தெளிவாகத் தெரிந்தது. பெற்றோர் தாமே மதிப்பிட்ட நோவின் அளவு சற்றுக் குறைந்திருந்ததாயினும், அது ஐயமற நிறுவத்தக்க அளவினதாக இல்லை. பிள்ளையை மடியில் வைத்திருந்த பெற்றோரின் நாடித்துடிப்பிலும் இரத்த அழுத்தத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவு 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நன்மை கண்ட இடத்தையும் காணாத இடத்தையும் ஒளியாது கூறியதனாலேயே இவ்வாய்வு என் மதிப்பைப் பெற்றது.

கனடாவிலே எட்மன்டன் நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையில், 3 முதல் 11 வயது வரையுள்ள 42 பிள்ளைகளுக்கு நாளத்தில் ஊசி ஏற்றும்போது இவ்வாறே பரிசோதித்தனர். 2013இல் வந்த அவ்வறிக்கையின்படி, பாட்டில்லாத பிள்ளைகளின் நோவு ஊசி ஏற்றிய பின் உயர்ந்தது. பாட்டுக் கேட்ட பிள்ளைகளின் நோவு உயராது நின்றது. ஊசி ஏற்றிய தாதியருக்கும் வேலை எளிதாயிற்று. ஆயினும் பிள்ளைகளின் பதகளிப்பு முழுவதையும் சேர்த்து அளந்தபோது, இரு பகுதியாருக்குமிடையே உறுதியான வேறுபாடு தெரியவில்லை.

இவற்றையெல்லாம் விட முக்கியமாக நான் கருதுவது, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே சத்திரசிகிச்சைக்கு வந்த 123 பிள்ளைகளிடத்தே நடத்திய ஆய்வாகும். 2004ஆம் ஆண்டிலே வெளியான இதனை நடத்தியவர்கள், சில பிள்ளைகளுக்கு அச்சந் தணிக்கும் மருந்தையும், சில பிள்ளைகளுக்கு இசைச் சிகிச்சையையும் கொடுத்தனர், எஞ்சியோருக்கு இரண்டுமில்லை. மயக்க மருந்துக்கான முகமூடியை வைக்கும் அந்த வேளையிலே மருந்துதான் வென்றது, பாட்டு உதவவில்லை. ஆனால் இன்னொன்றும் கண்டார்கள். பாடிய சிகிச்சையாளர் இருவர். அவர்களுள் ஒருவரிடம் இருந்த பிள்ளைகள், தாயைப் பிரியும்போதும் சத்திரசிகிச்சை அறைக்குள் நுழையும்போதும் அச்சம் குறைந்திருந்தனர். மற்றவரிடம் இருந்த பிள்ளைகளுக்கு அந்நன்மை கிட்டவில்லை. செய்த முறை ஒன்று, ஆள்தான் வேறு.

அன்பர்களே, இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி இதனுள்ளே இருக்கின்றது. பிள்ளையின் அச்சத்தைத் தணிப்பது இராகமா, தாளமா என்று கேட்பாருண்டு. நீலாம்பரி உறக்கந் தரும் என்கின்றோம். அது தாலாட்டுக்கு இசைந்த இராகமென்பது எமது மரபு. ஆயினும் இன்ன இராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று அட்டவணை போட்டு விற்போரை நம்பிவிடாதீர்கள். பிள்ளை பற்றிக்கொள்வது பாடுபவரை. பாட்டு அவரை நோக்கி நீட்டப்பட்ட கயிறு. அக்கயிற்றின் மறுமுனையில் அன்புள்ள ஒருவர் இருத்தல் வேண்டும்.

நியூயோர்க் நகரத்து ஜோன் லோவி என்னும் இசைச் சிகிச்சையாளரும் அவரைச் சேர்ந்தோரும், மாதம் நிறையுமுன் பிறந்த 272 சிசுக்களிடத்தே 11 வைத்தியசாலைகளில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு ஒத்துப்போகின்றது. பெற்றோர் தாமே தெரிந்து சொன்ன பாட்டைத் தாலாட்டாக்கி மெல்லப் பாடியபோது சிசுக்களின் இதயத்துடிப்பு அமைதியுற்றது. பெற்றோரின் மனச்சுமையும் குறைந்தது. புகழ்பெற்ற சங்கீத வித்துவானின் இசைத்தட்டை அவர்கள் தேடவில்லை. குடும்பத்துக்கு உரிமையான பாட்டையே தேடினார்கள்.

உலக சுகாதார நிறுவனமும் 2015ஆம் ஆண்டிலே, தடுப்பூசியின் நோவைக் குறைக்கும் வழிகளைத் தொகுத்துக் கூறியிருக்கின்றது. தாய் பக்கத்தில் இருத்தல், பிள்ளையைப் படுக்கவைக்காது மடியிலே நிமிர்த்தி அணைத்திருத்தல், பாலுண்ணும் குழந்தைக்கு ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுத்தல், பல ஊசிகள் இருப்பின் அதிகம் நோவதைக் கடைசியிற் போடுதல், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கவனத்தை விளையாட்டுப் பொருளாலோ இசையாலோ திருப்புதல் என்பன அவற்றுட் சில. இவற்றுள் ஒன்றுக்கேனும் பணம் வேண்டியதில்லை. அல்லது மிகச் சிறிதே வேண்டும்.

இனி, செய்யத்தக்கன யாவை என்று தாய்மாருக்கும் இளைஞருக்கும் சொல்கின்றேன்.

முதலாவது, பாட்டை அச்சத்துக்கு முன்னே தொடங்குங்கள். பிள்ளை அழுது உச்சத்தை அடைந்த பின் பாடினால் அது காதிலே ஏறாது. வாங்கிலே காத்திருக்கும்போதே மெல்லத் தொடங்கி, ஊசி ஏறும்போதும் நிறுத்தாது, முடிந்த பின்னும் சிறிது நேரம் தொடர்தல் வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைக்குத் தெரிந்த பாட்டாக இருக்கட்டும். வீட்டிலே நாள்தோறும் கேட்ட தாலாட்டோ, பாலர் வகுப்பிலே படித்த பாட்டோ நன்று. குரல் இனிமையில்லையே என்று எந்தத் தாயும் கூசவேண்டாம். பிள்ளைக்கு அதனிலும் இனிய குரல் உலகத்தில் இல்லை.

மூன்றாவது, சற்று வளர்ந்த பிள்ளையாயின் அதனையும் பாடச் செய்யுங்கள். பாட்டைத் தெரிந்தெடுக்கும் உரிமையை அதற்கே கொடுங்கள். பாடும் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டிருக்க முடியாது. நீள மூச்சு விட்டேயாக வேண்டும். நீள மூச்சு உடலின் இறுக்கத்தைத் தளர்த்தும். கை தட்டியோ, தாளம் போட்டோ, எண்ணிக்கொண்டோ இருக்கும் பிள்ளைக்குச் செய்வதற்கு ஒரு காரியம் இருக்கின்றது. அது வெறுமனே துன்பத்துக்கு ஆளாகிக் கிடக்கவில்லை.

நான்காவது, பொய் சொல்லாதீர்கள். "ஒரு குத்து இருக்கும், எறும்பு கடித்ததுபோல நோகும், நாம் இந்தப் பாட்டை முடிக்குமுன் அது முடிந்துவிடும்" என்று சொல்லுங்கள். பாட்டைப் பொய்க்குப் போர்வையாக்கினால், அடுத்த முறை அப்பாட்டைக் கேட்டதுமே பிள்ளை அஞ்சும்.

ஐந்தாவது, சத்தம் வேறு, இசை வேறு. விடுதியிலே ஒலிபெருக்கி வைத்துச் சினிமாப் பாட்டைப் போடுவது சேவையாகாது. குறைமாதச் சிசுக்களின் விடுதியிலே ஓசை 45 டெசிபெலுக்கு மேற்படலாகாதென அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அது மெல்லப் பேசும் குரலின் அளவேயாம். ஒரு பிள்ளைக்கு ஆறுதலாகும் பாட்டு பக்கத்துக் கட்டிலிலுள்ள பிள்ளைக்குத் தொல்லையாகலாம். பாட்டு வேண்டாமென்று முகத்தைத் திருப்பும் பிள்ளையும் உண்டு. அதன் விருப்பத்தையும் மதித்தல் வேண்டும்.

ஆறாவது, பாட்டைக் காட்டி மருந்தை மறுக்கலாகாது. தோலை மரக்கச் செய்யும் களிம்பு உண்டு; நோவு நீக்கி உண்டு; மயக்க மருந்து உண்டு. பெரிய நோவுக்கு அவையே முதல். தையல் போடும் இடத்தை மரக்கச் செய்யாது பாட்டுப் பாடிக்கொண்டு தைப்பது கொடுமை.

இவற்றையெல்லாம் செய்வதற்கு எமது பகுதியிலே ஆளில்லையா? கல்லடியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கின்றது. அங்கே இசையும் நடனமும் நாடகமும் பயில்கின்றார்கள். 1947ஆம் ஆண்டிலே யாழ் நூலை உலகுக்குத் தந்த காரைதீவுத் துறவியின் பெயர் தாங்கிய நிறுவகம் அது. பாலத்தைக் கடந்தால் மருத்துவ மாணவர் பயிலும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. இரண்டுக்கும் இடையே இருப்பது வாவி மட்டுமே. புதுச்சேரியிலே இசை கற்றாரும் வைத்தியரும் ஒரே அறையில் அமர்ந்து செய்ததை, இங்கேயும் முயன்று பார்க்கலாம்.

பிள்ளைகளின் அச்சத்தைக் கலையால் ஆற்றுவதிலே மட்டக்களப்புக்கு முன்னனுபவமும் உண்டு. போர் நடந்த காலத்தில், 1996ஆம் ஆண்டிலே, கனடிய ஓவியர் போல் ஹோகன் அவர்களும் யேசு சபைத் துறவியான போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து இந்நகரிலே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் கூடி, வரைந்தும், களிமண் பிசைந்தும், கதை சொல்லியும், பாடியும் மனம் தேறினர். பெரிய அச்சத்துக்கே இது உதவிற்றென்றால், ஊசியின் அச்சத்துக்கு உதவாதா?

சங்கத்து இளைஞர்களே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. கூட்டமாக விடுதிக்குள்ளே நுழைந்து கச்சேரி செய்யச் சொல்லவில்லை. முதலில், உங்கள் ஊர்த் தாய்மாரும் பாட்டிமாரும் பாடும் தாலாட்டுகளைக் கேட்டு எழுதிச் சேருங்கள். பக்கத்து முஸ்லிம் ஊர்த் தாய்மாரின் தாலாட்டுகளையும் கேட்டுச் சேருங்கள். கிளினிக் வாங்கிலே அவர்கள் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் அருகருகேதான் இருக்கின்றன. பாடத் தெரியாத இளந்தாய்க்கு அவற்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பின்னர் சுகாதார வைத்திய அதிகாரியின் அநுமதியைப் பெற்று, உங்களுள் அமைதியும் பொறுமையும் உள்ள இருவர், மாதத்தில் ஒரு கிளினிக் நாளிலே, காத்திருக்கும் பிள்ளைகளோடு அமர்ந்து பாடுங்கள். தாதியரின் வேலைக்கு இடையூறு செய்யவேண்டாம். படம் எடுக்கவேண்டாம். பத்திரிகைக்குச் செய்தி அனுப்பவேண்டாம். அழும் பிள்ளைகள் குறைகின்றனரா என்று ஒரு கொப்பியிலே குறித்து வையுங்கள். பயனில்லையென்று கண்டால் விட்டுவிடுங்கள். பயன் கண்டால் அடுத்த ஊருக்கும் சொல்லுங்கள்.

நோயை ஒழிப்பது வைத்தியர் கடமை. நோவிலே ஒரு பிள்ளையைத் தனியே விடாதிருப்பது நம் எல்லோருடைய கடமை. அதற்கு வேண்டியது தெரிந்த பாட்டொன்றும், அதைப் பாடுவதற்குக் கூசாத நெஞ்சொன்றுமே. இவ்விரண்டும் எமது நாட்டிலே பஞ்சமில்லை.